லேயா, லோவா? ஸ்பானிய மொழி கற்கும் மாணவர்களின் கேள்விகளும் பதில்களும்

கே: லே, லோ இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? சுருக்கமாக.

லே என்றால் 'அவருக்கு' (பன்மை லெஸ்). லோ என்றால் 'அவரை' அல்லது 'அதை' (பெண்பால் லா; பன்மை லோஸ், லாஸ்). நான்காம் வேற்றுமை, இரண்டாம் வேற்றுமை, அவ்வளவுதான். தன்மைக்கும் முன்னிலைக்கும் உரிய மே, தே, நோஸ், ஓஸ் நான்கும் இரண்டு வேற்றுமைக்கும் பொது. தொல்லை படர்க்கையில் மட்டுமே.

கே: 'அதை அவளுக்குக் கொடுக்கிறேன்' என்பதை 'லே லோ தோய்' என்று எழுதினேன். தவறு என்கிறார்கள்.

தவறுதான். லே, லெஸ் இரண்டும் லோ, லா, லோஸ், லாஸ் முன்னால் சே ஆகிவிடும்: சே லோ தோய். இது 'தன்னை' என்று பொருள்படும் சே அல்ல. லத்தீனின் 'இல்லி இல்லூம்' பழைய ஸ்பானியத்தில் 'ஜெலோ' ஆகி, சுமார் 500 ஆண்டுகளுக்கு முன் 'சே லோ' என்று நிலைத்தது. பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் பிறப்பு வேறு.

கே: 'அ மரியா' (மரியாவுக்கு) என்று பெயரையே சொன்ன பிறகு லே எதற்கு?

பேச்சில் அப்படித்தான் வரும்: லே தோய் எல் லிப்ரோ அ மரியா, மரியாவுக்குப் புத்தகத்தைக் கொடுக்கிறேன். எழுத்தில் சிலர் லேயை விடுவார்கள். ஆனால் பெயருக்குப் பதில் அ மீ (எனக்கு), அ எல் (அவனுக்கு), அ எய்யா (அவளுக்கு) வந்தால் விடவே கூடாது. மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் இதுவல்ல.

கே: 'எனக்குக் காபி பிடிக்கும்' என்பது 'யோ குஸ்தோ எல் கஃபே' தானே? குஸ்தார் என்றால் விரும்புதல் என்று குறிப்பேட்டில் இருக்கிறது.

அந்தக் குறிப்பை அடித்துவிடுங்கள். பல வருடமாக இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தமிழ் தெரிந்த ஒருவர் குஸ்தாரை ஆங்கிலம் வழியாகப் படிப்பதைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை. ஆங்கிலத்தில் 'நான்' விரும்புகிறேன். நமக்கோ 'எனக்கு'ப் பிடிக்கிறது. ஸ்பானியரும் அப்படியே: மே குஸ்தா எல் கஃபே. தலைவலிக்கும் அதே வாய்பாடு: மே துவேலே லா கபேசா, எனக்குத் தலை வலிக்கிறது. போன மாதம் வகுப்பில் ஒரு பெண் பலகையில் 'யோ குஸ்தோ' என்று எழுதிவிட்டுத் திரும்பினாள். "உனக்குக் காபி பிடிக்குமா?" என்று தமிழில் கேட்டேன். "எனக்குப் பிடிக்கும் சார்" என்றாள். அந்த 'எனக்கு' வாயிலிருந்து வந்ததும் கை தானாக அழிப்பானைத் தேடியது.

தமிழ் காலை வாரும் இடமும் உண்டு. நாம் 'எனக்கு அவனைப் பிடிக்கும்' என்கிறோம். அந்த 'ஐ'யை நம்பி 'மே லோ குஸ்தா' என்று எழுதுகிறார்கள். கூடாது. குஸ்தாருக்குச் செயப்படுபொருள் கிடையாது. பிடித்த பொருள்தான் எழுவாய். அதனால்தான் ஆப்பிள்கள் பலவானால் வினையும் மாறுகிறது: மே குஸ்தான் லாஸ் மான்சானாஸ். 'அது எனக்குப் பிடிக்கும்' என்பதற்கு வெறும் 'மே குஸ்தா' போதும். வினையைத் தனியாக மனப்பாடம் செய்யாதீர்கள். அது எந்த வேற்றுமை கேட்கும் என்று பக்கத்திலேயே எழுதிப் படியுங்கள்.

கே: 'அவளுக்காகக் காத்திருந்தேன்', 'அவளிடம் கேட்டேன்' இரண்டிலும் லே தானே?

இல்லை. காத்திருத்தலுக்கு லா: லா எஸ்பெரே. கேள்வி கேட்பதற்கு லே: லே ப்ரெகுந்தே. தமிழ் உருபு இங்கே துணைக்கு வராது. மேலே சொன்னதுதான்: வினையோடு வேற்றுமையையும் சேர்த்துப் படியுங்கள்.

கே: 'வேயோ அ ஹுவான்' (ஹுவானைப் பார்க்கிறேன்) என்பதில் 'அ' இருக்கிறதே, அப்படியானால் லே வேயோ?

லோ வேயோ. ஆளைக் குறிக்கும் இரண்டாம் வேற்றுமைக்கும் 'அ' உண்டு. ஸ்பெயினில் பலர் லே வேயோ என்பார்கள். ஒரே ஓர் ஆண் என்றால், ஸ்பானிய மொழிக்கு விதி வகுக்கும் ராயல் ஸ்பானிய அகாதெமியும் ஏற்கிறது. மாட்ரிட் பக்கம் 'அவளிடம் சொன்னேன்' என்பதற்கு 'லா தீஹே' என்றும் காதில் விழும். அதை அகாதெமி ஏற்பதில்லை. நீங்கள் லே தீஹே என்றே எழுதுங்கள்.

கே: 'எனக்கு அதைக் கொடு' என்பது 'மே லோ தா' தானே?

தாமெலோ. மே, லோ போன்றவை ஏவலில் வினையோடு ஒட்டிக்கொள்ளும், எதிர்மறை ஏவலில் முன்னால் வரும்: நோ மே லோ தெஸ். இதைப் போன இரண்டு முறையும் எழுதியிருந்தேன். அனுப்பும் முன் பழைய பதில்களைப் பாருங்கள்.

கே: 'லே கோம்ப்ரே எல் கோச்சே அ ஹுவான்' என்றால் கார் வாங்கியது ஹுவானுக்கா, ஹுவானிடமா?

இரண்டும் பொருந்தும். லே பெறுபவரையும் காட்டும், இழப்பவரையும் காட்டும். அவனுக்காகத்தான் என்றால் 'பாரா ஹுவான்' என்று எழுதிவிடுங்கள்.