1912 கவுண்டி வரிப் பதிவேட்டில் டிராம் பாதை ஏன் இல்லை?

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டியின் (மாவட்டம் போன்ற பகுதி) 1912 வரிப் பதிவேட்டில் டிராம் கம்பெனியின் தண்டவாளமும் பெட்டிகளும் இல்லையென்றால் பக்கம் தொலையவில்லை. அவை மாநிலக் கணக்குக்குப் போய்விட்டன.

காரணம், 1910 நவம்பரில் கலிபோர்னியா வாக்காளர்கள் ஏற்ற அரசியலமைப்புத் திருத்தம். டிராம் ஓட்டத்துக்குப் பயன்படும் சொத்துக்கு வழக்கமான கவுண்டி வரி நின்றது. பதிலாக மொத்த வசூலில் 4 சதவீதம் மாநிலத்துக்கு. லாபத்தில் அல்ல, வசூலில்! இங்கேதான் பலர் தவறுகிறார்கள்.

மாநில வரிச் சமன் வாரியத்தின் (State Board of Equalization) பதிவேட்டில் கம்பெனி பெயரில் தேடுங்கள். ஓட்டத்துக்குப் பயன்படாத காலி மனை போன்ற சொத்துகள் கவுண்டிப் பதிவேட்டிலேயே இருக்கும்.

ஒரு எச்சரிக்கை: பாதை உரிமத்துக்காக நகராட்சிக்குக் கட்ட ஒப்புக்கொண்ட தொகை இதில் ரத்தாகவில்லை. அதை வரியோடு கூட்டிவிடாதீர்கள். 4 சதவீதமும் பின்னர் உயர்த்தப்பட்டது, ஆண்டுவாரியாகச் சரிபாருங்கள்.