டிராஃப்ட் முடிஞ்ச மறுநாளே மார்க் போடலாமா?

விளையாட்டுப் பக்கம்: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல அமெரிக்க ஃபுட்பால் டிராஃப்ட் பத்தி ரெண்டு பாரா எழுதியிருந்தேன், எந்த டீம் நல்லா எடுத்துச்சுன்னு சொல்லாம விட்டுட்டீங்களேன்னு ஏகப்பட்ட கடிதம். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துல இருந்து மட்டும் வந்ததுல சிலதுக்கு இங்க பதில்.

டிராஃப்ட் டிராஃப்ட்னு எழுதறீங்க, அதும் ஐபிஎல் மாதிரி ஏலம்தானே அண்ணா? (வாசகர், பாலக்கோடு)

இல்ல தம்பி, ரெண்டும் வேற. ஏலம் எப்படின்னு உங்க ஊர்க்காரருக்கு நான் சொல்லவே வேணாம், தக்காளி மண்டியில விடிகாலைல நின்னா தெரியும், கையில காசு இருக்கறவர் கூடக் கேட்டு எடுத்துட்டுப் போயிடுவாரு. டிராஃப்ட்ல விலை ஏத்தற பேச்சே கிடையாது. ஊர் கிரவுண்டுல ரெண்டு கேப்டன் நின்னு "எனக்கு இவன், உனக்கு அவன்"னு மாத்தி மாத்தி ஆள் பிரிப்போம் இல்ல, அதேதான். அமெரிக்காவுல என்எஃப்எல்ங்கற லீக்ல காலேஜ்ல ஆடின பசங்களை இப்படித்தான் பிரிக்கறாங்க, 32 டீம், 7 ரவுண்டு, போன சீசன்ல கடைசியா வந்த டீமுக்கு ஆள் எடுக்கற முதல் சான்ஸ் (அந்த சான்ஸைத்தான் பிக்னு சொல்றது), கப் அடிச்சவனுக்கு ஒவ்வொரு ரவுண்டுலயும் கடைசி சான்ஸ். தோத்தவனும் எழுந்து நிக்கணும்னுதான் அந்த ஏற்பாடு. 1936ல முதல் தடவை நடந்தப்ப முதல் ஆளா எடுத்தது ஜே பெர்வாங்கர்ங்கற பிளேயரை, அவரு அந்த லீக்ல ஒரு மேட்ச் கூட ஆடல. முதல் டிராஃப்டோட முதல் பிக்கே அப்படித்தான் ஆச்சு.

நான் ஓசூர்ல ஐடி வேலை, நைட் ஷிப்ட்ல அமெரிக்க டீம்காரங்களோட பேசிப் பேசி சான் பிரான்சிஸ்கோ 49ers ஃபேன் ஆயிட்டேன். டிராஃப்ட் முடிஞ்ச மறுநாளே ஏ, பி, சி, எஃப்னு கிரேடு போட்டுடறாங்க, என் டீமுக்கு சி வந்தா அந்த வாரமே மூட் அவுட். இந்த கிரேடை நம்பலாமா சார்? (வாசகர், ஓசூர்)

நம்பாதீங்க. உங்க டீமே இதுக்கு சாட்சி. 2021ல மூணாவது பிக்குக்கு ஏறிப் போறதுக்காக மூணு முதல் ரவுண்டு பிக்கைத் தூக்கிக் குடுத்தாங்க, மூணு வருஷ விதைநெல்லை ஒரே நாள்ல வித்த மாதிரி. எடுத்தது ட்ரே லான்ஸ்ங்கற குவார்ட்டர்பேக்கை, பந்தை எறிஞ்சு டீமோட ஆட்டத்தை நடத்தற ஆளு அது. 49ers சட்டையில அவரு ஆரம்பத்துல இருந்து ஆடினது மொத்தமே 4 மேட்ச், 2023 ஆகஸ்ட்ல டல்லாஸுக்கு அனுப்பிட்டாங்க. அதே டீம் 2022ல 262வது பிக்ல, அதாவது அந்த வருஷத்தோட கடைசி பிக்ல, பிராக் பர்டிய எடுத்துச்சு. கடைசியா எடுக்கற ஆளுக்கு அங்க "மிஸ்டர் இர்ரெலவன்ட்"னு பட்டப்பேரே உண்டு, தேவையில்லாதவர்னு அர்த்தம், எனக்குப் பிடிக்காத பேரு அது. அந்தப் பையன்தான் 2024 பிப்ரவரில டீமை சூப்பர் பவுல் வரைக்கும், அதாவது ஃபைனல் வரைக்கும் கூட்டிட்டுப் போனான். 25-22ன்னு எக்ஸ்ட்ரா டைம்ல தோத்தது வேற விஷயம். எதிர் டீம் குவார்ட்டர்பேக் மஹோம்ஸ் யாரு? 2017ல பத்தாவதா எடுத்த ஆளு. அந்த வருஷம் சிகாகோ டீம் இன்னும் ஒரு படி மேல ஏறிப்போய் ரெண்டாவதா ட்ருபிஸ்கிய எடுத்தாங்க, மஹோம்ஸை விட்டுட்டாங்க.

கிரேடு பத்தி இன்னொன்னு. உங்க பரம எதிரி சியாட்டில், 2012 டிராஃப்ட். முதல் ரவுண்டுல புரூஸ் இர்வினை எடுத்ததும் இவ்ளோ சீக்கிரமா எதுக்குன்னு திட்டினாங்க, மூணாவது ரவுண்டுல ரஸல் வில்சனை எடுத்ததும் குவார்ட்டர்பேக்குக்கு இந்த உயரம் பத்தாதுன்னாங்க, எஃப் போட்டவங்க கூட உண்டு. ரெண்டு வருஷம்கூட ஆகல, 2014 பிப்ரவரில சியாட்டில் 43-8ன்னு சூப்பர் பவுல் அடிச்சுது, அந்த வில்சனை வெச்சு, ரெண்டாவது ரவுண்டுல வந்த பாபி வாக்னரை வெச்சு. டாம் பிரேடி 2000த்துல 199வது பிக், அவருக்கு முன்னாடி 6 குவார்ட்டர்பேக் போயிட்டாங்க, அவரு 7 சூப்பர் பவுல் ஜெயிச்சார்.

இதனால முதல் ரவுண்டே வேஸ்ட்னு நினைச்சுடாதீங்க. 1998ல முதல் பிக் பெய்டன் மேனிங், பெரிய ஆளா வந்தார். ரெண்டாவது பிக் ரயான் லீஃப், நாலஞ்சு வருஷத்துல காணாமப் போனார், அன்னிக்கு யாரை எடுக்கறதுன்னு பெரிய பட்டிமன்றமே நடந்துச்சு. மறுநாள் போடற கிரேடு அந்தப் பையன் காலேஜ்ல என்ன ஆடினான்னு பார்த்துப் போட்ட கிரேடு. உங்க டீம்ல என்ன ஆடுவான்ங்கறது அதுல இல்லவே இல்ல.

2017 ஐஎஸ்எல் ஃபுட்பால் டிராஃப்ட்ல சென்னையின் எஃப்சி எடுத்த பிளேயர்ஸ் சுமார்தான்னு என் ஃப்ரெண்டு இன்னிக்கும் சொல்றான், கப் அடிச்சதே ஃபாரின் பிளேயர்ஸாலதான்னு வாதம் பண்றான். நீங்க என்ன சொல்றீங்க? (வாசகர், கிருஷ்ணகிரி)

இந்தக் கேள்விக்கு நான் நோட்டை எடுத்து வெச்சுதான் பதில் எழுதறேன். நிஜ நோட்டு, 40 பக்கம், அட்டை கிழிஞ்சது. 2017 ஜூலை 23, மும்பையில டிராஃப்ட் நடக்குது, 10 டீம், 15 ரவுண்டு, இந்தியப் பிளேயர்ஸ் மட்டும், ஒவ்வொருத்தருக்கும் விலை முன்னாடியே முடிவு பண்ணது. நாங்க நாலு பேரு பழையபேட்டையில ஒரு டீக்கடை பெஞ்சுல உக்காந்து போன்ல பேரு வர வர நோட்டுல எழுதி பக்கத்துலயே பத்துக்கு மார்க் போட்டோம். ஜாம்ஷெட்பூர் புது டீம், முதல் ஆளா அனாஸ் எடத்தொடிகாவ எடுத்தாங்க, 1.10 கோடி, அப்புறம் கோல்கீப்பர் சுப்ரதா பால். நான் ஜாம்ஷெட்பூருக்கு 9 போட்டேன். சென்னையினுக்கு நாலரை. வியாசர்பாடிப் பையன் தனபால் கணேஷ் பேருக்கு நேரா "நம்ம ஊர் பையன், ஆனா பெஞ்சுலதான் உக்காருவான்"னு என் கையெழுத்துலயே இருக்கு, பச்சை மையில.

நடந்தது என்ன? ஜாம்ஷெட்பூர் அஞ்சாவது இடம், பிளேஆஃப் கூட வரல. சென்னையின் செமிஃபைனல், 2018 மார்ச் 13, கோவாவ 3-0ன்னு அடிச்சாங்க, ஜெஜே ரெண்டு, கணேஷ் ஒண்ணு. பெஞ்சுலதான் உக்காருவான்னு நான் எழுதின பையன் கோல் போட்டு டீமை ஃபைனலுக்குக் கொண்டுபோனதை நான் டிவி முன்னாடி நின்னுட்டேதான் பார்த்தேன், உக்காரத் தோணல.

ஃபைனல் மார்ச் 17, பெங்களூரு எஃப்சியோட, கண்டீரவா ஸ்டேடியம், அவங்க சொந்த கிரவுண்டு. ஒன்பதாவது நிமிஷத்துலயே அவங்க சேத்ரி கோல் போட்டார். அப்புறம் நம்ம மைல்சன் ஆல்வ்ஸ் ரெண்டு தடவை தலையால முட்டினார், ரஃபேல் அகஸ்டோ ஒண்ணு, 3-2. உங்க ஃப்ரெண்டு சொல்றது அந்த அளவுக்கு சரி, மூணு கோலும் பிரேசில்காரங்க போட்டது, அவங்க யாரும் டிராஃப்ட்ல வந்தவங்க இல்ல. ஆனா அந்த சீசன்ல ஒரு ரூல் இருந்துச்சு, கிரவுண்டுல எப்பவும் குறைஞ்சது 6 இந்தியப் பிளேயர்ஸ் இருக்கணும். ஃபாரின் பிளேயர் அஞ்சு பேருக்கு மேல இறக்க முடியாது, அஞ்சு பேரும் எல்லா டீம்லயும் நல்லாவே இருப்பாங்க. வித்தியாசம் மீதி ஆறு பேர்ல. ஃபைனல்ல நடுவுல கணேஷும் பிக்ரம்ஜித்தும் ஓடி ஓடி பந்தைப் பறிச்சதாலதான் அகஸ்டோ முன்னாடி சுதந்திரமா ஆட முடிஞ்சுது. அவங்க பேரு ஸ்கோர்போர்டுல வராது, அதனால நம்ம மார்க்லயும் வரமாட்டேங்குது.

நான் தப்புப் பண்ணது எங்கன்னு அப்புறம் நிறைய யோசிச்சேன். தெரிஞ்ச பேருக்கு மார்க் போட்டேன், இந்தியா டீம்ல ஆடினவனா, 1 கோடி தாண்டினவனா, அவ்ளோதான் பார்த்தேன். கோச் ஜான் கிரிகரி எப்படி ஆட வைப்பாரு, எந்த இடம் காலியா இருக்கு, அந்த இடத்துக்கு வர்ற பையன் போன சீசன்ல எத்தனை நிமிஷம் ஆடியிருக்கான், வயசு என்ன, முன்னாடி அடிபட்டிருக்கா, இதுல ஒண்ணுகூட என் நோட்டுல இல்ல. எங்க அப்பா சந்தூர்ல மாங்கன்னு வாங்கப் போனா இலை பச்சைப்பசேல்னு இருக்கறதைப் பார்க்கவே மாட்டாரு, குனிஞ்சு ஒட்டுப் போட்ட இடத்தை விரலால தடவிப் பார்ப்பாரு, அங்க வீங்கியிருந்தா எவ்ளோ செழிப்பா இருந்தாலும் வேணாம்னுடுவாரு. நட்ட பிறகும் முதல் ரெண்டு மூணு வருஷம் பூவைக் கிள்ளிப் போட்டுடுவாரு, காய்க்க விட்டா மரம் தேறாதுன்னு. நாம மட்டும் டிராஃப்ட்ல எடுத்த பையன் முதல் சீசனே காய்க்கணும்னு கேக்கறோம்.

ஆனா ஒண்ணு, முழுசா உங்க பக்கமும் நான் பேச முடியாது. அடுத்த சீசன், 2018-19, கணேஷுக்கு முட்டில அடி, ஆட முடியல. டீம் 18 மேட்ச்ல 9 பாயிண்ட் எடுத்து கடைசி இடம். சாம்பியன் ஆன மறுவருஷமே. அப்ப அந்த டிராஃப்டுக்கு இப்ப என்ன மார்க்? நான் ஏழரை போடறேன். 2017ல இருந்து 2020 வரைக்கும் மொத்தமாப் பார்த்துட்டுப் போடற ஏழரை இது, உங்க ஃப்ரெண்டு ஒத்துக்கலன்னா அவரோட மார்க்கையும் காரணத்தோட எழுதி அனுப்பச் சொல்லுங்க, அடுத்த இதழ்லயே போடறேன்.

கபடியைப் பத்தியும் சொல்லுங்க. தமிழ் தலைவாஸ் ஏலத்துல காசைக் கொட்டினாலும் ஏன் ஒண்ணும் நடக்கமாட்டேங்குது? (வாசகர், காவேரிப்பட்டினம்)

நடந்துச்சுங்க, காசு கொட்டின இடத்துல நடக்கல. 2022ல பவன் ஷெராவத்தை 2.26 கோடிக்கு எடுத்தாங்க, முதல் மேட்ச்லயே முட்டில அடிபட்டு சீசன் முழுக்க வெளிய. எல்லாரும் முடிஞ்சுதுன்னு நினைச்சோம். நரேந்தர்னு முதல் சீசன் ஆடற ஒரு பையன், அதுவரைக்கும் யாருக்கும் பேரே தெரியாது, 243 ரெய்டு பாயிண்ட் எடுத்தான், தலைவாஸ் வரலாற்றுலயே முதல் தடவையா செமிஃபைனல் போனாங்க. அடுத்த வருஷம் தெலுங்கு டைட்டன்ஸ் பவனை 2.605 கோடிக்கு எடுத்தாங்க, 22 மேட்ச்ல 2 ஜெயிச்சு கடைசி இடம். பவன் மேல குறையே சொல்ல முடியாது, அருமையான ரெய்டர். கபடில ஏழு பேர்ல ஒருத்தருக்கு மட்டும் பெரிய காசைப் போட்டுட்டு கார்னர்ல, கவர்ல நின்னு ரெய்டரைப் பிடிக்கறவங்களை மிச்சக் காசுல தேடினா இப்படித்தான் ஆகும்.

ஓசூர்ல இருந்து பெங்களூரு பக்கம், சென்னை தூரம். யாருக்கு சப்போர்ட் பண்றது? (கல்லூரி மாணவர், ஓசூர்)

40 கிலோமீட்டர்ல ஸ்டேடியம் இருக்கறப்ப போய் மேட்சைப் பாருங்க, யாரு ஆடினாலும். மனசு எங்க துடிக்குதுன்னு அங்க தெரிஞ்சுடும். எனக்கு கண்டீரவாலதான் சென்னையின் மேல பாசம் முத்துச்சு.

என் மகன் 16 வயசு, ஃபுட்பால்தான் உசுரு. செலக்‌ஷனுக்குப் போனான், எடுக்கல. பக்கத்து வீட்டுப் பையனை எடுத்துட்டாங்க. நாலு நாளா சரியா சாப்பிடல, கிரவுண்டுக்கும் போகல. என்ன சொல்லித் தேத்தறதுன்னு தெரியல. (ஒரு அம்மா, பென்னாகரம்)

அம்மா, உங்க கடிதத்தை ரெண்டு தடவை படிச்சேன். முதல்ல ஒண்ணு கேக்கறேன், பையன் எந்த மாசம் பொறந்தான்? சின்ன வயசு டீம்ல ஜனவரி 1ஐ வெச்சுதான் பெரும்பாலும் வயசு பிரிக்கறாங்க, அதுல ஜனவரி, பிப்ரவரில பொறந்த பசங்க அதிகமா செலக்ட் ஆகறாங்க, கடைசி மாசங்கள்ல பொறந்தவங்க கம்மியா ஆகறாங்கன்னு பல நாட்டுல ஆராய்ச்சி பண்ணிப் பார்த்திருக்காங்க. பத்து பதினொரு மாசம் மூத்த பையன் அந்த வயசுல உயரமாவும் வேகமாவும் இருப்பான், பார்க்கறவங்க அதைத் திறமைன்னு எடுத்துக்கறாங்க. உங்க பையன் நவம்பரோ டிசம்பரோன்னா இதை அவன்கிட்ட அப்படியே சொல்லுங்க, அவன் மேல தப்பில்லன்னு புரியும்.

நம்ம பக்கத்து சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நடராஜனைப் பத்தியும் சொல்லுங்க. 2017 ஐபிஎல்ல 3 கோடிக்கு எடுத்தாங்க, அந்த சீசன் சரியாப் போகல, அடுத்த ஏலத்துல 40 லட்சம், ரெண்டு சீசன் ஒரு மேட்ச் கூட ஆட விடாம வெளிய உக்கார வெச்சாங்க. 2020ல வந்த சான்ஸ்ல யார்க்கர் போட்டு, அப்படியே ஆஸ்திரேலியா போய் ஒரே டூர்ல இந்தியாவுக்கு மூணு ஃபார்மட்லயும் இறங்கினார். வெளிய உக்காந்த அந்த ரெண்டு வருஷமும் அவரு பந்து போடறதை நிறுத்தல.

செலக்‌ஷன் பண்ணவங்ககிட்ட பையனையே நேராப் போய், எந்த இடத்துக்கு ஆள் தேடினீங்க, எனக்கு என்ன குறைன்னு மரியாதையாக் கேக்கச் சொல்லுங்க, பதில் சொல்ற கோச் நிறைய பேர் இருக்காங்க. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தோட விளையாட்டு விடுதிகளுக்கும் தனியா செலக்‌ஷன் நடக்கும், மாவட்ட விளையாட்டு அலுவலர் ஆபீஸ்ல தேதி கேட்டு வெச்சுக்கோங்க. பக்கத்து வீட்டுப் பையனோட பேச்சை விட்டுடாம இருக்கச் சொல்லுங்க, அவன்கூட சேர்ந்து பிராக்டீஸ் பண்ணாலே பாதி கத்துக்கலாம். இன்னிக்கு ராத்திரி அவனுக்குப் பிடிச்சதை சமைச்சுக் குடுங்க, அவன் எந்த பொசிஷன் ஆடறான், எந்தக் கால் பலம்னு அவன் கையாலயே எழுதி எனக்கு அனுப்பச் சொல்லுங்க, நான் அவனுக்குத் தனியா பதில் எழுதறேன்.