செஸ் வீரர் விஸ்வநாதன் ஆனந்த் ஆடியதில் உங்களுக்கு மிகவும் பிடித்த ஆட்டம் எது? ஏன்?

யோசிக்காமல் சொல்வேன்: 2013 ஜனவரியில், நெதர்லாந்தின் வைக் ஆன் ஜீயில் நடந்த டாட்டா ஸ்டீல் போட்டியில் ஆர்மீனிய வீரர் லெவோன் அரோனியனுக்கு எதிராக ஆடியது. ஆனந்துக்குக் கறுப்பு. 23 நகர்த்தலில் கதை முடிந்தது.

திறப்பு, அதாவது ஆட்டத்தின் தொடக்க நகர்த்தல் முறை, செமி ஸ்லாவ் என்பதில் மெரான் வகை. இத்தாலியின் மெரான் நகரில் 1924இல் போலந்து வீரர் ரூபின்ஸ்டைன் ஆடியதால் வந்த பெயர். சி4 என்ற கட்டத்தில் இருக்கும் வெள்ளைச் சிப்பாயை வெட்டி, வெள்ளை பிஷப் அதை மீட்டதும் பி5 என்று விரட்டி, பி7இல் நம் பிஷப்பை வைப்பது. அந்த பிஷப் ரொம்ப நேரம் சும்மா இருப்பதுபோலத் தெரியும். தெரியட்டும்.

13ஆவது நகர்த்தலில் அரோனியன் குதிரையால் எச்7 சிப்பாயை வெட்டினார். அது அடுத்துக் குறிவைத்த யானையைப் பற்றி ஆனந்த் கவலையே படாமல் தன் குதிரையை ஜி4க்கு அனுப்பினார். 16இல் வந்ததுதான் உச்சம்: இன்னொரு குதிரை ஈ5க்கு, எஃப்4 சிப்பாயின் வாயிலேயே! வெட்டினால் என்ன ஆகும்? ராணி டி4இல் செக், ராஜா மூலைக்கு, ராணி ஜி1இல் தன்னையே பலி கொடுக்கும், யானை வெட்டியாக வேண்டும், குதிரை எஃப்2இல் மேட். பலகையில் வைத்துப் பாருங்கள், நான் இருபது தடவையாவது வைத்திருப்பேன். அரோனியன் வெட்டவில்லை, ஆனாலும் தப்பவில்லை. கடைசியில் கறுப்பு பிஷப் ஈ3இல் போய் உட்கார்ந்து, எச்3ஐக் காத்துக்கொண்டிருந்த வெள்ளை ராணியின் பார்வையை மறைத்தது. அடுத்து ராணி எச்3இல் மேட். ஜி2 சிப்பாய் வெட்ட முடியாது, 'சும்மா இருந்த' அந்த பி7 பிஷப் அதைக் கட்டிப்போட்டிருக்கிறது: அது நகர்ந்தால் ராஜாவுக்கு செக்.

1907இல் ரோட்லெவியை ரூபின்ஸ்டைன் வீழ்த்திய ஆட்டத்தோடு இதை ஒப்பிடுவார்கள். எனக்கு இதுதான் ஒரு படி மேல்.

இந்த மயக்கத்தில் நானும் ஒரு வார இறுதிப் போட்டியில் மெரான் ஆடினேன். எதிரில் ஆறாம் வகுப்புப் பையன். எட்டு நகர்த்தல் வரை அப்படியே வைக் ஆன் ஜீ. ஒன்பதில் அவன் காசில் (ராஜாவை யானையோடு சேர்த்து ஓரமாக ஒதுக்கும் நகர்த்தல்) செய்யாமல் ஈ4 தள்ளினான். நான் மனப்பாட வேகத்தில் காசில் செய்தேன். ஈ5. என் டி6 பிஷப்பும் எஃப்6 குதிரையும் அவனுடைய அந்த ஒரே சிப்பாயிடம் மாட்டின. பையன் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டான்.

இன்னமும் மெரான்தான் ஆடுகிறேன். அங்கே ஈ4 வந்தால் உடனே நானும் ஈ5.