பழைய மண்ணிறப் பட்டியை என்ன செய்வது?

கேள்வி: எனக்கு 36 வயது. வெள்ளவத்தையில் வசிக்கிறேன், வங்கியில் வேலை. பாடசாலைக் காலத்தில் ஷொட்டோகான் கராத்தே பழகி மண்ணிறப் பட்டி வரை வந்தேன். உயர்தரப் பரீட்சையோடு விட்டுப்போனது. எட்டு வயது மகளை வகுப்பில் சேர்க்க விசாரித்தபோது எனக்கும் மறுபடி ஆசை வந்துவிட்டது. வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் கோஜு-ரியு கராத்தே வகுப்பு ஒன்று இருக்கிறது. பஸ் ஏறிப் போனால் ஜூடோவும் தாய்லாந்துக் குத்துச்சண்டையான முவாய் தாயும் பழகலாம். என் பழைய பட்டி செல்லுபடியாகுமா? பாணி மாறினால் பழகியது வீணாகுமா? இரண்டை ஒரே நேரத்தில் பழகலாமா?

பதில்: சகோதரி, மூன்றாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம், முதல் ஆறு மாதத்துக்காவது. மற்ற இரண்டுக்கும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

பட்டி கராத்தேயின் சொந்தச் சொத்தே அல்ல. ஜிகோரோ கானோ 1882 இல் தொடங்கிய ஜூடோவிடம் இரவல் வாங்கியது. ஒக்கினாவாவிலிருந்து டோக்கியோவுக்குப் போய்க் கராத்தேயைப் பரப்பிய கிச்சின் ஃபுனாகோஷி, தம் மாணவர்களுக்கு முதன்முதலாகக் கறுப்புப் பட்டி வழங்கியது 1924 இல்தான். அவரிடமிருந்து வளர்ந்ததுதான் நீங்கள் பழகிய ஷொட்டோகான். ஆகவே பட்டி என்பது ஒரு சங்கம் தன் மாணவருக்குக் கொடுக்கும் வகுப்பேற்றம், அவ்வளவுதான். வேறு பாணிக்காரர் அதை ஏற்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. அதே ஷொட்டோகானில்கூட, சங்கம் வேறானால் மறுபடி பரீட்சை வைப்பவர்கள் உண்டு.

சான்றிதழ் அலுமாரியில் கிடந்தால் எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். பட்டியைக் கட்டிக்கொண்டு போகாதீர்கள். வெள்ளைப் பட்டியோடு பின்வரிசையில் நில்லுங்கள். கண் உள்ள சென்செய்க்கு, அதாவது ஆசிரியருக்கு, மூன்றாவது வகுப்பிலேயே நீங்கள் யார் என்று தெரிந்துவிடும். வேகமாக மேலே ஏற்றுவதா, ஒவ்வொரு படியாக ஏற்றுவதா என்பதை அவரே முடிவு செய்வார். பதினெட்டு வருட இடைவெளிக்குப் பிறகு மண்ணிறப் பட்டியைக் கட்டி நின்றால், அந்தப் பட்டிக்குரிய வேகத்தை எல்லோரும் உங்களிடம் எதிர்பார்ப்பார்கள். உங்கள் முழங்கால் அதற்கு இன்னும் ஆயத்தமாக இல்லை.

பழகியது வீணாகுமா என்றால், ஆகாது. ஆனால் அது ஒளிந்துகொண்டு தொந்தரவு தரும். யாழ்ப்பாணத்தில் பேசிப் பழகிய நாக்கு கொழும்புக்கு வந்து எத்தனை வருடமானாலும் ஒரு சொல்லில் காட்டிக்கொடுத்துவிடும் அல்லவா? உடம்பும் அப்படித்தான். ஷொட்டோகானில் முன்கால் நன்றாக மடிய, பின்கால் நீட்டி, நீளமாக நின்று பழகியிருப்பீர்கள். ஒக்கினாவாவின் நாஹா நகரத்தவரான சோஜுன் மியாகி உருவாக்கிய கோஜு-ரியுவில் முதலில் வருவது சன்சின் நிலை. கால்கள் தோளகலத்துக்கு மேல் விரியாது. முன்காலின் குதிகால், பின்காலின் பெருவிரலுக்கு நேரே வரும்; விரல்கள் சற்று உள்நோக்கித் திரும்பியிருக்கும். பார்க்கச் சிறு விடயமாகத் தெரியும். அந்த நிலையில் நின்று மூச்சை அடிவயிற்றிலிருந்து விட்டுக்கொண்டு மூன்று நிமிடம் கை நீட்டிப் பாருங்கள், தொடை நடுங்கும். உங்கள் கால் தன்பாட்டில் நீண்டுகொண்டே போகும். சென்செய் வந்து பின்காலைத் தட்டித் தட்டி முன்னே கொண்டுவருவார். முதல் மாதம் முழுவதும் இதே கதைதான்; வெட்கப்பட ஒன்றும் இல்லை.

கட்டாக்களில், அதாவது தனியாக நின்று வரிசைப்படி செய்யும் அசைவுத் தொகுதிகளில், இன்னொரு குழப்பம் வரும். பாடசாலையில் நீங்கள் முதலில் படித்த ஹெயான் ஷோதான், ஒக்கினாவா ஆசிரியர் அன்கோ இதோசு வகுத்த, ஐந்து கட்டாக்கள் கொண்ட பினான் வரிசையைச் சேர்ந்தது. இன்னொரு கராத்தே பாணியான ஷிட்டோ-ரியுக்காரரிடம் போனால் அதே கட்டாவைப் பினான் நிதான், அதாவது இரண்டாவது என்பார்கள். ஃபுனாகோஷி பெயரையும் மாற்றி, முதலிரண்டின் வரிசையையும் மாற்றிவிட்டார். கோஜு-ரியுவிலோ இந்த ஐந்தும் பாடத்திட்டத்திலேயே இல்லை, கெக்கிசாய் என்ற கட்டாவில் தொடங்கும். ‘எங்கள் வகுப்பில் இப்படி இல்லையே’ என்று வாய் திறக்கத் தோன்றும். திறக்காதீர்கள். இதைச் சொல்லியே புதிய வகுப்பில் கெட்ட பெயர் வாங்கியவன் நான்.

நானும் ஷொட்டோகானில் பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டு, 29 வயதில் ஜூடோ பழகப் போனவன். முதல் மாலையே, விழப் பழக்காமல், ஒருவரோடு சட்டையைப் பிடித்துப் பழக விட்டார்கள். அவர் என் வலது காலை வெளிப்புறத்திலிருந்து வாரினார். பின்னால் சாய்ந்ததும் இடது கையைத் தரையில் ஊன்றினேன். ஊன்றியது தவறு என்று மணிக்கட்டு வீங்கிய பிறகுதான் தெரிந்தது. ஆறு கிழமை தேநீர்க் கேத்தலைத் தூக்க முடியவில்லை. பின்னால் விழும்போது நாடி நெஞ்சில் ஒட்டியிருக்க வேண்டும், கண் பட்டியின் முடிச்சைப் பார்க்க வேண்டும், இரண்டு கைகளும் உடம்பிலிருந்து ஏறக்குறைய 45 பாகை விலகி, உள்ளங்கை முதல் முழங்கை வரை ஒரே நேரத்தில் மெத்தையில் அறைய வேண்டும். கராத்தேக்காரருக்கு இது வராது, ஏனெனில் நாங்கள் விழப் பழகியவர்கள் அல்ல. புதியவரை முதல் சில வாரங்கள் விழ மட்டும் பழக்குகிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால், எவ்வளவு பெயர்பெற்ற ஜூடோ வகுப்பாக இருந்தாலும் திரும்பி வாருங்கள்.

முவாய் தாயில் சிக்கல் வேறு. கராத்தேயில் ஒரு கை குத்தும்போது மற்றக் கை இடுப்புக்கு வரும். அந்த இழுப்பை ஆயிரக்கணக்கான தடவை செய்திருப்பீர்கள். முவாய் தாயில் மற்றக் கை கன்னத்தை விட்டு நகரக் கூடாது. கை இடுப்புக்குப் போன கணத்தில் கன்னத்தில் கையுறை வந்து விழும். உதையிலும் அப்படியே. நீங்கள் முழங்காலைத் தூக்கிப் புறங்காலால் விசிறி உதைப்பீர்கள். அவர்கள் இடுப்பையே திருப்பிக் கணைக்காலால் வெட்டுவார்கள். புறங்காலால் போய் எதிராளியின் முழங்கையில் மோதினால் அடுத்த நாள் சப்பாத்துப் போட முடியாது. ஒரே வாரத்தில் இரண்டையும் பழக வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். செவ்வாய்க்கிழமை ஒட்டிய கையை வியாழக்கிழமை இறக்கச் சொன்னால், நெருக்கடியில் உடம்பு இரண்டையும் செய்யாமல் திகைத்து நிற்கும்.

இடையில் ஒன்று. ஹட்டன் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த ஒரு பையன் என் வகுப்பில் சேர்ந்தான். கராத்தே தெரியாது, சிறு வயதில் தோட்டத்தில் சிலம்பம் ஆடியவன். எதிராளி ஓர் அடி எடுத்துவைக்கும் முன்பே அவன் கால் விலகியிருக்கும். நெற்றி உயரக் கம்போடு காலடி வரிசை பழகியவனுக்கு எட்டும் தூரம் எது, எட்டாத தூரம் எது என்று சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. என் கறுப்புப் பட்டி மாணவர்கள் இருவர் அவனைத் தொட முடியாமல் தவித்ததைப் பார்த்து எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. ஒரு கலையிலிருந்து இன்னொன்றுக்கு எதைக் கொண்டுபோகலாம் என்றால், இதைத்தான்: தூரம், நேரம், மூச்சு. கையும் காலும் நிற்கும் விதத்தைப் புதிதாகத்தான் படிக்க வேண்டும்.

எதில் சேர்வது? கோஜு-ரியுவில் சேருங்கள். மற்றவற்றைவிட அது உயர்ந்தது என்பதற்காகச் சொல்லவில்லை. நடந்து போகலாம் என்பதற்காகச் சொல்கிறேன். வேலை முடிந்த நேரத்தில் காலி வீதியில் 101 பஸ்ஸுக்குள் நின்றுகொண்டு வகுப்புக்கு நேரத்தோடு போய்ச் சேர்வேன் என்று நம்புபவர்கள் இரண்டாம் மாதம் வருவதில்லை. மகளும் நீங்களும் ஒரே மாலையில் பழகலாம் என்றால் இன்னும் நல்லது. ஒரு வருடம் கழித்து, விழக் கற்பதற்காக மட்டும் இரண்டு மூன்று மாதம் ஜூடோவுக்குப் போங்கள். வயது ஏற ஏற அடிபடுவதைவிட வழுக்கி விழுவதுதான் அதிகம் நடக்கும்.

மகளைச் சேர்க்கும் முன் ஒரு வகுப்பை முழுதாக உட்கார்ந்து பாருங்கள். பெற்றோர் உள்ளே இருக்கக் கூடாது என்று கதவை மூடும் இடம் வேண்டவே வேண்டாம். அதற்கு எந்த மரபையும் காரணமாகச் சொல்ல முடியாது. சிறுவர் சண்டைப் பயிற்சியில் முகத்தில் அடி விழ விடுகிறார்களா, அழும் பிள்ளையை எப்படி நடத்துகிறார்கள் என்பதைக் கவனியுங்கள். மாதக் கட்டணத்தைக் கேட்கும்போதே பட்டிப் பரீட்சைக் கட்டணம், சங்க அங்கத்துவம், சுற்றுப்போட்டிச் செலவு எல்லாவற்றையும் கேட்டுவிடுங்கள். மாதக் கட்டணம் மலிவாக இருந்து மூன்று மாதத்துக்கொரு பரீட்சையில் கறக்கும் இடங்கள் உண்டு. ஒரு வருடத்தில் கறுப்புப் பட்டி என்று யாராவது சொன்னால், நன்றி சொல்லிவிட்டு எழுந்துவிடுங்கள்.

உங்கள் உடம்புக்கு வருவோம். முதல் மூன்று மாதம் குதித்து உதைப்பதும் ஆழமாகக் குந்துவதும் வேண்டாம். உதைக்கும்போது தரையிலிருக்கும் பாதமும் திரும்புகிறதா என்று பாருங்கள். பாதம் ஒட்டியிருக்க இடுப்பு மட்டும் திரும்பினால் முறுக்கு முழுவதும் முழங்காலில் விழும். இரத்த அழுத்தமோ பழைய முதுகுவலியோ இருந்தால் முதலில் வைத்தியரிடம் கேளுங்கள். இந்தப் புழுக்கத்தில் ஒன்றரை மணி நேரம் பழகினால் சட்டை பிழியலாம். தண்ணீர்ப் போத்தலை மறக்காதீர்கள்.

சீருடையை உடனே வாங்க வேண்டாம். ஒரு மாதத்துக்கு உங்களுக்கு நீளக் காற்சட்டையும் டீ-சேர்ட்டும் போதும். வாங்கும்போது மகளுக்கு ஓர் அளவு பெரிதாக எடுங்கள், பருத்தி முதல் சலவைகளில் சுருங்கும். பின்னாளில் ஜூடோவுக்குப் போனால் அந்தத் தடித்த சட்டை இரண்டு வேண்டும். மழைக்காலத்தில் தொடர்மாடி பல்கனியில் ஒன்று காய்வதற்குள் அடுத்த வகுப்பு வந்துவிடும்.