நெகட்டிவ் குருதியுள்ள தாய்க்கு ஊசி எதற்கு?

கேள்வி: என் மகளுக்கு ஏழாம் மாதம் நடக்கிறது. அவளுடைய குருதி ஓ நெகட்டிவ், மருமகனுடையது பி பொசிட்டிவ். பிள்ளை பிறந்ததும் அவளுக்கு ஓர் ஊசி போட வேண்டும் என்று கிளினிக்கில் சொல்கிறார்கள். நல்ல சுகத்தோடு இருப்பவளுக்கு ஊசி எதற்கு? இரண்டு வருடங்களுக்கு முன் நான்காம் மாதத்தில் அவளுக்குக் கரு கலைந்தது. வீட்டிலேயே பார்த்துக்கொண்டோம், கிளினிக்கில் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமா?
– ஒரு தாய், களுவாஞ்சிக்குடி

பதில்: அம்மா, கடைசிக் கேள்விக்கே முதலில் பதில் சொல்கிறேன். கட்டாயம் சொல்ல வேண்டும். அடுத்த கிளினிக் நாள்வரை காத்திராமல் நாளைக்கே உங்கள் பகுதி மருத்துவ மாதுவிடம் சொல்லுங்கள்.

வயிற்றிலுள்ள பிள்ளையின் குருதியும் தாயின் குருதியும் பொதுவாகக் கலப்பதில்லை. ஆனால் பிரசவத்தில் நச்சுக்கொடி பிரியும்போதும், கரு கலையும்போதும் பிள்ளையின் குருதி சிறிதளவு தாயின் உடலுக்குள் சென்றுவிடும். பிள்ளை தகப்பனைப்போல் பொசிட்டிவாக இருந்தால், நெகட்டிவ் தாயின் உடல் அதை அந்நியமாகக் கருதி, அதை எதிர்த்து அழிக்கும் பிறபொருளெதிரிகளை உண்டாக்கத் தொடங்கும். அதனால் தாய்க்கு ஒரு நோவும் வராது; உங்களைப் போன்றவர்கள் ஊசி எதற்கு என்று கேட்பதும் அதனால்தான். பெரும்பாலும் முதற்பிள்ளையும் தப்பிவிடும். அடுத்த பொசிட்டிவ் பிள்ளையைத்தான் அந்த எதிரிகள் தாக்கிச் செங்குழியங்களை அழிக்கும். அப்பிள்ளைக்குக் கடும் குருதிச்சோகை ஏற்படலாம். பிறந்த முதல் நாளிலேயே செங்கண்மாரி கண்டு மூளை பாதிக்கப்படலாம். வயிற்றிலேயே இறந்துபோகவும் கூடும்.

அன்ரி-டி என்ற அந்த ஊசி, உள்ளே வந்த பிள்ளையின் குழியங்களைத் தாயின் உடல் இனங்காணும் முன்னரே அகற்றிவிடுகிறது. ஊசி போடாவிட்டால் இத்தகைய தாய்மாரில் நூற்றுக்குப் பதினாறு பேரளவில் எதிரிகள் உருவாகும். பிரசவத்துக்குப் பின் போட்டால் அது இரண்டு பேரளவுக்குக் குறைந்துவிடும். 1968 முதல் பயன்பாட்டில் உள்ள மருந்து இது.

ஆனால் ஏற்கெனவே உருவாகிவிட்ட எதிரிகளை இந்த ஊசியால் அகற்ற முடியாது. நான்காம் மாதக் கருச்சிதைவைச் சொல்லச் சொன்னது அதனால்தான். எதிரிகள் இருக்கின்றனவா என்பதைக் கூம்ஸ் எனப்படும் குருதிப் பரிசோதனை காட்டிவிடும். இல்லையென்றால் ஊசியின் முழுப் பயனும் மகளுக்குக் கிடைக்கும். 28ஆம் வாரமளவில் ஒரு ஊசி போடச் சொன்னால் தயங்காமல் போடுங்கள். எதிரிகள் இருந்தாலும் மனம் உடைய வேண்டாம். விசேட வைத்தியர் ஸ்கான் மூலம் பிள்ளையைத் தொடர்ந்து கவனிப்பார். தேவைப்பட்டால் வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கே குருதி ஏற்றவும் வழியுண்டு.

பிரசவம் ஆனதும் தொப்புள்கொடியிலிருந்து குருதி எடுத்துப் பிள்ளையின் வகையைப் பார்ப்பார்கள். பிள்ளையும் நெகட்டிவ் என்றால் ஊசி தேவையில்லை. பொசிட்டிவ் என்றால் 72 மணித்தியாலத்துக்குள் தாய்க்கு ஊசி போட்டாக வேண்டும். நம் பக்கத்தில் சுகப்பிரசவம் என்றால் மறுநாளே நல்ல நேரம் பார்த்து வீட்டுக்குக் கூட்டிவர அவசரப்படுகிறோம். பையைக் கட்டும் முன், “பிள்ளையின் குருதி வகை வந்துவிட்டதா, ஊசி போட்டாயிற்றா” என்று விடுதித் தாதியிடம் நீங்களே கேளுங்கள். எப்படியோ தவறிப்போனால், நேரம் கடந்துவிட்டதே என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். பத்து நாட்கள் வரையிலும் ஓரளவு பயன் உண்டு.

இனி வரும் ஒவ்வொரு கர்ப்பத்திலும் இது பொருந்தும். பிரசவம் வரை மகளுக்கு இரத்தம் பட்டாலோ, மோட்டார் சைக்கிளில் இருந்து விழுந்து வயிற்றில் அடிபட்டாலோ, அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டுபோய், நெகட்டிவ் என்பதை முதலில் சொல்லுங்கள்.