கடைவீதிக் கேள்விகள்: தீபாவளிக்குக் காரைக்குடியில் வாங்கும்போது

வாசகி, பள்ளத்தூர்: தீபாவளிக்கு வேண்டியதையெல்லாம் செல்போனிலேயே வாங்கிவிடலாம், கடையில் விலை அதிகம் என்கிறான் என் மகன். எனக்கோ காரைக்குடிக்குப் போய்க் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கினால்தான் மனம் நிறைகிறது. யார் சொல்வது சரி?

பதில்: மிக்ஸி, செல்போன் போல எங்கே வாங்கினாலும் ஒரே பொருளாகவும் ஒரே உத்தரவாதத்தோடும் கிடைப்பவற்றுக்கு இரண்டு இடத்து விலையையும் ஒப்பிட்டுப் பார்ப்பதில் தவறில்லை, அதில் உங்கள் மகன் சொல்வதைக் கேளுங்கள். ஆனால் புடவை, ரவிக்கைத் துணி, பித்தளைப் பாத்திரம், பலகாரம் ஆகியவை தொட்டும் தட்டியும் முகர்ந்தும் பார்த்து வாங்க வேண்டியவை. சென்ற ஆண்டு அம்மன் சன்னதிப் பக்கம் ஒரு சிறிய கடையில் அரக்கு நிறப் புடவை ஒன்றுக்குப் பொருத்தமான ரவிக்கைத் துணி கேட்டேன். கடைக்காரர் எட்டுத் துண்டுகளை எடுத்துப் போட்டார். குழல்விளக்கின் கீழ் அவற்றில் மூன்று பொருந்துவதாகத் தோன்றின. “இந்த வெளிச்சத்த நம்பாதீங்கம்மா” என்று சொல்லி, புடவையையும் அந்த மூன்று துண்டுகளையும் வாசற்படிக்குக் கொண்டுவந்து வெயிலில் விரித்தார். இரண்டு துண்டுகள் அங்கேயே செங்கல் நிறமாகிவிட்டன. மிஞ்சிய ஒன்றைத்தான் வாங்கினேன். நாற்பது ரூபாய் கூடுதலாகக் கொடுத்திருந்தாலும் அந்த வாசற்படிக்காக நான் வருந்தியிருக்க மாட்டேன்.

போவதென்றால் பண்டிகைக்குப் பதினைந்து நாள் முன்பே, வார நாளில், காலை வேளையில் போங்கள். கடைசி வாரத்தில் கல்லுக்கட்டிப் பகுதியில் நடக்கவே இடமிருக்காது. அந்த நெரிசலில் பத்துப் புடவையைப் பிரித்துக் காட்டக் கடைக்காரருக்கும் பொறுமை இருக்காது, பார்க்க நமக்கும் பொறுமை இருக்காது.

வாசகி, தேவகோட்டை: மாமியாருக்கு உண்மையான கண்டாங்கிப் புடவை வாங்கித் தர ஆசைப்படுகிறேன். கட்டம் போட்ட புடவையையெல்லாம் கண்டாங்கி என்றே காட்டுகிறார்கள். எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: நல்ல கேள்வி. இதைக் கேட்காமல் வாங்கி ஏமாந்தவர்கள் பலர். காரைக்குடி கண்டாங்கிச் சேலைக்கு 2019-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் பிறகு அந்தப் பெயருக்கு மவுசு கூடிவிட்டதால், விசைத்தறியில் ஓட்டிய கட்டம் போட்ட துணிகளும் அதே பெயரில் விற்கப்படுகின்றன. அகலமான கரையும், கட்டமோ கோடோ ஓடும் உடலும், கடுகு மஞ்சள், அரக்கு, கறுப்பு போன்ற அழுத்தமான நிறங்களும் கண்டாங்கியின் அடையாளங்கள்தாம் என்றாலும், இவையெல்லாம் பார்த்துப் பார்த்துப் போலி செய்யக்கூடியவை. ஆகவே நிறத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

முதலில் புடவையின் இரண்டு ஓரங்களையும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். தறியில் துணியை அகலம் குறையாமல் இழுத்துப் பிடிப்பதற்காக ஊசி வைத்த குச்சி ஒன்றைப் பூட்டுவார்கள். நெசவு நகர நகர அதையும் நெசவாளர் கையால் நகர்த்துவதால், ஓரத்தில் சின்னச் சின்னத் துளைகள் சற்று முன்பின்னாகத் தெரியும். விசைத்தறித் துணியில் அவை அளவெடுத்தாற்போல ஒரே சீராக ஓடும். அடுத்து, கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று கேளுங்கள்; 2006 முதல் நடுவண் அரசு வழங்கிவரும் முத்திரை அது. எந்த ஊர்த் தறியில் நெய்தது என்றும் கேட்டுப் பாருங்கள். நெசவாளரிடமோ நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்திடமோ நேரடியாகக் கொள்முதல் செய்யும் கடைக்காரர் தயங்காமல் பதில் சொல்வார்; இந்தக் கேள்விக்கு வரும் பதிலைத்தான் நான் எல்லாவற்றையும்விடப் பெரிதாக நம்புகிறேன்.

சாயத்தையும் சோதியுங்கள். ஈரமாக்கிய வெள்ளைக் கைக்குட்டையால் கரையைத் தேய்த்தால் சாயம் ஒட்டுகிறதா என்று தெரிந்துவிடும். இதைச் செய்யாமல் நான் ஒருமுறை வாங்கி வந்த கறுப்புக் கரைப் புடவை, முதல் நனைப்பிலேயே மஞ்சள் உடலெங்கும் கறை ஏற்றிவிட்டது. ரசீது பத்திரமாக இருந்ததால் அந்தக் கடைக்காரர் மறுவார்த்தை சொல்லாமல் வேறு புடவை கொடுத்தார். உங்கள் மாமியார் வயதானவர் என்றால் நூலின் தடிமனையும் கவனியுங்கள்: பழைய பாணியில் முரட்டு நூலில் நெய்தது பல ஆண்டுகள் உழைக்கும், ஆனால் தோளில் கனக்கும், மெல்லிய நூலில் நெய்தவையும் இப்போது கிடைக்கின்றன. ரவிக்கைத் துணி சேர்ந்ததா, தனியே வாங்க வேண்டுமா என்பதையும் பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

வாசகர், கானாடுகாத்தான்: சிங்கப்பூரிலிருக்கும் பிள்ளைகளுக்கு மனகோலமும் சீப்புச்சீடையும் தேன்குழலும் அனுப்ப வேண்டும். வீட்டில் பலகாரம் சுடுவதற்கு இப்போது ஆளில்லை. கடையில் வாங்குவதில் கவனிக்க வேண்டியது என்ன?

பதில்: பத்து நாள் முன்பே சொல்லிவைத்து, புறப்படுவதற்கு முந்தைய நாள் சுட்டதாகக் கேட்டு வாங்குங்கள். மனகோலத்தில் தேங்காய்ப் பல் சேர்வதால், அது நன்றாக வறுபட்டு மொறுமொறுவென்று இருக்க வேண்டும். ஈரம் இருந்தால் முதலில் கெடுவது அதுதான். ஒன்றை எடுத்து முகர்ந்து பாருங்கள், காறல் வாடை வந்தால் எண்ணெய் பழையது. பொட்டலத்தில் தயாரித்த நாளும் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் அச்சாகியிருக்க வேண்டும். வீட்டிலேயே பலகாரம் சுட்டு விற்கும் ஆச்சிமார்களுக்கும் அந்தப் பதிவு உண்டு. எடை போடும்போது அட்டைப் பெட்டியைத் தராசில் வைக்கவிடாதீர்கள். கிலோ 600 ரூபாய்க்கு விற்கும் பலகாரத்தில் 100 கிராம் பெட்டி சேர்ந்தால், வெறும் அட்டைக்கு 60 ரூபாய் கொடுத்தவராகிறீர்கள்.

வாசகர், கோவிலூர்: ரசீது கேட்டால் தெரிந்த கடைக்காரர் முகம் சுளிப்பாரே என்று தயக்கமாக இருக்கிறது.

பதில்: தயங்காமல் கேளுங்கள். நேர்மையான வியாபாரிக்கு அது பாதுகாப்பே. பேசியும் தீராத குறை இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம்.

வாசகி, புதுவயல்: மலேசியாவிலிருந்து வரும் அண்ணனுக்கு முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய பித்தளைச் சாமான் வாங்கிக் கொடுத்தனுப்பலாமா?

பதில்: பழைய பொருள் எதுவானாலும் முதலில் வயதைக் கேளுங்கள். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டுக்கு மேற்பட்ட சிலை, கலைப்பொருள் போன்றவற்றைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. சுவடிகளுக்கு 75 ஆண்டே வரம்பு. அண்மைக் காலத்துப் பொருள் என்றால் அதன் வயதை ரசீதில் எழுதி வாங்குங்கள். பார்வைக்குப் பழமையாகத் தெரியும் பொருள் என்றால், அது தொல்பொருள் அல்ல என்ற சான்றையும் இந்தியத் தொல்லியல் துறையிடம் பெற்றுவிட்டால் விமான நிலையத்தில் சிக்கல் வராது. எனாமல் தூக்குச்சட்டி, பித்தளைச் சொம்பு போன்ற புழங்கு சாமான்கள் அந்தத் தெருவில் நிறையக் கிடைக்கும். அவற்றின் விளிம்பில் பெயர் வெட்டியிருந்தால் வாங்குமுன் நிதானமாகப் படித்துப் பாருங்கள். நம் பக்கத்து வீடுகளில் சீர்ப் பாத்திரங்களுக்கெல்லாம் பெயர் வெட்டுவது வழக்கமாதலால், உங்கள் உறவில் ஒரு வீட்டு எழுத்தாகவே அது இருக்கக்கூடும். அப்படித் தெரிந்தால், அந்த வீட்டாருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாங்குங்கள்.