ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை சாப்பிட்டால் முதுமை தள்ளிப்போகுமா?

நோய்நொடி இல்லாதவர்களுக்கும் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தால்தான், அதாவது ஆக்சிஜனால் செல்லுக்கு ஏறுகிற சேதத்தால்தான், வயதாகிறதா, அப்படியானால் அதைத் தடுக்கிற ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போன மாதம் என் அப்பாவும் இதையேதான் கேட்டார். வயது 67, சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, தினமும் விடியற்காலையில் வேலூர் கோட்டையில் நடக்கிறார். கூட நடக்கிற ஒருவர் "பத்து வயசு குறைஞ்சிடும்" என்று சொல்லி வைட்டமின் சி, ஈ கலந்த மாத்திரை டப்பாவைத் தலையில் கட்டிவிட்டார்.

இலவம்பாடி முள் கத்திரிக்காய் நறுக்கியிருக்கிறீர்களா? அம்மா காம்பு முள் குத்தாமல் பிடித்து நறுக்கி, உடனே உப்புத் தண்ணீரில் போடுவார். ஒரு துண்டு தவறி வெளியே விழுந்தால், தாளித்து முடிப்பதற்குள் வெள்ளைச் சதை பழுப்பேறிவிடும். அது காற்றிலிருக்கும் ஆக்சிஜன் செய்கிற வேலை. நம் செல்லுக்குள் நடக்கும் ரசாயனம் வேறு, ஆனால் ஆள் அதே ஆக்சிஜன்தான். செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா என்கிற குட்டி மின்நிலையம் சாப்பாட்டிலிருந்து சக்தி எடுக்கும்போது கொஞ்சம் எலக்ட்ரான் நழுவி ஆக்சிஜனோடு ஒட்டிக்கொள்ளும், அதிலிருந்து வருகிற ஃப்ரீ ராடிக்கல் கொழுப்பு, புரதம், டிஎன்ஏ எல்லாவற்றையும் அரிக்கும். இந்தச் சேதம் சேரச் சேரத்தான் வயதாகிறது என்று 1956இல் டென்ஹாம் ஹார்மன் எழுதினார்.

ஆரோக்கியமாக இருந்தாலும் இதிலிருந்து தப்ப முடியாது. 19 முதல் 85 வயது வரை நலமாக இருந்தவர்களின் ரத்தத்தைப் பார்த்த 2002ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வில், குளுட்டதயோன் என்கிற நம் உடம்பின் சொந்தக் காவல்காரன் ஏறக்குறைய 45 வயது வரை தாக்குப்பிடித்து, அதற்குப் பிறகு ஆக்சிஜனேற்றத்தின் பக்கம் சாய்வது தெரிந்தது.

சரி, அப்போ மாத்திரை மூலமாக வெளியிலிருந்து காவல் போட்டால் என்ன? அங்கேதான் சிக்கல். நடக்கும்போதும் ஓடும்போதும் தசையில் கொஞ்சம் ஃப்ரீ ராடிக்கல் கூடுகிறது, அதைப் பார்த்துத்தான் உடம்பு "காவலைப் பலப்படுத்து" என்று தன் சொந்த எதிர்ப்பு நொதிகளைக் கூட்டிக்கொள்கிறது. 2009இல் வந்த ஒரு ஜெர்மன் ஆய்வில், உடற்பயிற்சி செய்த ஆரோக்கியமான இளைஞர்களுக்குத் தினமும் 1,000 மில்லிகிராம் வைட்டமின் சியும் கூடவே ஈயும் கொடுத்தார்கள். இன்சுலின் நன்றாக வேலை செய்வது என்கிற பலன் மாத்திரை போடாதவர்களுக்குக் கிடைத்தது, போட்டவர்களுக்குக் கிடைக்கவில்லை. பிறகு வந்த ஆய்வுகள் எல்லாமே இப்படிக் காட்டவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் மாத்திரையால் ஆயுள் கூடியதாகத் தெரியவில்லை. பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,000 ஆண்களிடம் நடந்த ஆய்வில் பீட்டா கரோட்டின் என்கிற இன்னொரு ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் கூடவே செய்தது, 1994இல் வெளியானது. வைட்டமின் குறைபாடு இருந்து டாக்டர் எழுதிக் கொடுத்தால் அது வேறு கதை, அதை நிறுத்தாதீர்கள். கீரை, நெல்லிக்காய், கொய்யா தாராளமாகச் சாப்பிடுங்கள், அது மாத்திரை அளவுக்குப் போகாது.

இதையெல்லாம் சொன்னதும் அப்பா டப்பாவைத் திறந்து மிச்சத்தை எண்ணிப் பார்த்தார், பதினோரு நாள் சாப்பிட்டிருந்தார். "அப்போ இத்தனை நாள் நடந்ததெல்லாம் வீணாடா?" என்று கேட்டபோது முகம் வாடிப்போயிருந்தது. அதெல்லாம் இல்லைப்பா, நாளைக்கும் நடங்க, மாத்திரையை மட்டும் விடுங்க என்றேன்.